வெங்காயப் பாத்திக்கு ஒரு ரிமோட்

யுத்த காலத்தில் நிலாவெளியில் எங்கள் வீட்டுக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் நடுவில் வீதி, வீதியோரத்தில் ஆமியின் சென்றி என்ற காவலரண். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் போக ஏலாது. வெங்காயத்துக்கோ வெயில் தாழ்ந்த பிறகுதான் தண்ணீர் விடவேண்டும். பகலில் விட்டால் சுடுமணல் முழுவதையும் குடித்துவிடும். அந்தப் பாத்திகளை நானே கொத்தி, நானே நட்டது. வாடிய வெங்காயத்தாளைப் பார்க்க வயிறு எரிந்தது.

டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த என் கணவர் ஒரு திட்டம் போட்டார். சவூதியிலிருந்து என் தமையன் அனுப்பிய ரிமோட் காரைப் பிரித்து, அதன் மோட்டரையும் அலை வாங்கும் பெட்டியையும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் வால்வோடு பூட்டுவது. வீட்டிலிருந்தே பட்டனை அழுத்தினால் வால்வு திறக்கும், விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடும். சாப்பாட்டு மேசை முழுக்கப் படம் கீறிப் போட்டார். கறிச்சட்டி வைக்க இடமில்லை என்று சத்தம் போட்டால், "நீர் கொஞ்சம் பொறுமன், பிறகு கதிரையில இருந்தே தண்ணி விடலாம்" என்பார்.

பூட்டிய அன்றே வேலை செய்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் பட்டனை ஒருவரும் தொடாமலே தண்ணீர் பாய்ந்தது. வீட்டு வாசல் படலையடியில் நின்று பார்த்தோம். சென்றியில் நின்றவன் வாக்கிடோக்கியில் கதைக்கத் தொடங்கத் தண்ணீர் வந்தது, கதைத்து முடிக்க நின்றது.

"அவன்ர அலை எங்கட பெட்டிக்குள்ள விழுது. ஆமியே எங்களுக்குத் தண்ணி விடுறான்!" கடையில் போய்ச் சொல்லவென்று இவர் சேர்ட்டை மாட்டினார்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இஞ்சருங்கோ, எங்கட பாத்தியைப் பார்த்தால் ஆமி எப்ப கதைக்கிறான் எண்டு தெரியும். இதைக் கண்டால் உங்களை என்ன எண்டு சொல்லிப் பிடிப்பாங்கள்?"

இவர் போட்ட சேர்ட்டோடு கதிரையில் இருந்துவிட்டார். "வேற அலைக்கு மாத்தலாம்" என்று மெல்ல இழுத்தார்.

"நீங்கள் ஒண்டையும் மாத்த வேண்டாம்."

காலையில் நானே போய்ப் பெட்டியைக் கழற்றினேன். ஆம்பிளைகளைத்தான் மறித்துச் சோதிப்பார்கள். சீலைக்குள் மறைத்துக்கொண்டு சென்றியைத் தாண்டும்போது அவன் வழக்கம்போலத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

அந்த முறை வெங்காயம் நெல்லிக்காய் அளவுதான் விளைந்தது. அதை உரிப்பதற்குள் சீவன் போய்விடும். பக்கத்தில் இருந்து இவரும் உரித்தார், அடுத்த திட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்தபடி. வேறு நேரமென்றால் ஏசியிருப்பேன். அன்றைக்கு ஆள் வீட்டில் இருந்து கதைப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.