இருநூற்று நாற்பது இலைகளும் ஓர் ஆணியும்

தலைமைப் பண்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வேலூரில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். வருடத்துக்கு ஒருவராவது கோட்டு போட்டுக்கொண்டு வந்து இந்தத் தலைப்பில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். ஒருவருக்காவது மைக்கை நேரத்தோடு திருப்பிக் கொடுக்கத் தெரிந்ததில்லை. அதனால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து, "லீடர்ஷிப் புரோகிராம் மிஸ், சனிக்கிழமை மட்டும் வந்து இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க" என்று போன் வந்தபோது முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலுக்கே கார் வரும் என்றார்கள். கொள்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

அப்படிக் கிடைத்தவள்தான் சோபனா.

முதல் நாள் வகுப்பில் என் பெயர் ஹெப்சி என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் என் கைப்பையை எடுத்துத் திருப்பினாள். ஓரத்தை விரலால் ஒரு தடவு தடவினாள். "மிஸ், இது தோலே இல்ல. நல்லா ஏமாத்திட்டாங்க உங்கள" என்றாள். என் தம்பி துபாயிலிருந்து வாங்கி வந்த பை அது. அன்றே அவளைத் திட்டிவிடலாம் என்று இருந்தது. அடுத்த வாரமே அவளை எனக்குப் பிடித்துப்போனது என்பது வேறு விஷயம்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா அருணகிரி அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கப் போகிறவர். பிளஸ் டூ முடித்த மறு மாதமே சோபனா கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். முதல் வருடம் முழுக்கப் பசை தடவும் வேலை. பிறகு தையல் மெஷின். இருபத்தாறு வயதில் நாற்பது பெண்கள் உள்ள ஒரு தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள்; அதற்கும் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு. நாற்பது மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள் வீட்டிலும் அப்படியே பேசுவாள் என்று அவள் கணவர் கோபி என்னிடம் குறைபட்டுக்கொண்டார். குறைதான் பட்டாரே தவிர, முகம் பூராவும் பெருமை.

கம்பெனியின் தலைமை அலுவலகம் டென்மார்க்கில். வியட்நாமிலும் எத்தியோப்பியாவிலும் தொழிற்சாலைகள். மூன்று நாட்டிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி, மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, ஒவ்வொருவரையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்வதுதான் அந்தப் புரோகிராம். சோபனாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். பேரணாம்பட்டு ரோட்டில் புதிதாக ஒரு யூனிட் கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பேர். அதற்கு ஒரு இன்சார்ஜ். கம்பெனியில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"கெடச்சா வீட்ல இருந்து பத்து நிமிஷம் மிஸ். எம்பொண்ணு ஸ்கூல் விட்டு வர்றப்ப நானும் வீட்ல இருப்பேன்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் சின்னதாகிவிட்டது.

கடைசிப் பரீட்சை ஒரு வீடியோ கால். தலைமை அலுவலகத்திலிருந்து கிர்ஸ்டன் என்ற அம்மையார் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: நீங்கள் செய்த ஒரு தவறு என்ன, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? தாய்மொழியில் பதில் சொல்லலாம், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஓர் ஆள் இருக்கலாம். சோபனாவுக்கு நான்.

கேள்வி முன்கூட்டியே வந்துவிட்டது. நம் ஊரில் இன்டர்வியூவில் உட்கார்ந்து யாராவது தன் தப்பைச் சொல்வார்களா? நான் என் அனுபவத்தையெல்லாம் திரட்டி அவளுக்கு ஒரு பாதுகாப்பான தப்பைத் தயார் செய்தேன். "நான் அளவுக்கு அதிகமாக வேலை செய்வேன். எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுக்கொள்வேன். இப்போது பிறருக்குப் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன்." பார்க்கக் குற்றம், உள்ளே பூராவும் புகழ்ச்சி. எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. அவள் மூன்று வாரம் அதை மனப்பாடம் செய்தாள்.

பரீட்சை நாளான திங்கட்கிழமை மத்தியானம் மீட்டிங் ரூமில் நாங்கள் மூன்று பேர். சோபனா, நான், ஃபேக்டரி மேனேஜர் முனிரத்தினம். அவர் அதிகம் பேசாதவர். ஒரு மூலையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். திரையில் பத்துச் சின்னக் கட்டங்கள், நடுவில் கிர்ஸ்டன் அம்மையார்.

வியட்நாமிலிருந்து ஒருவர் ஆரம்பித்தார். அவர் அளவுக்கு அதிகமாக வேலை செய்வாராம். எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பெண், எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வாராம். அடுத்தவருக்கும் அதே. அதற்கடுத்தவருக்கும் அதே. பத்துப் பேருக்கும் ஒரே வியாதி! எனக்கு வியர்த்துவிட்டது. உலகம் பூராவும் என்னைப் போல ஒரு இங்கிலீஷ் மிஸ் இருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிர்ஸ்டன் அம்மையார் கொட்டாவியை விரலால் மறைத்தார்.

பதினோராவதாக சோபனா. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மூன்று வார மனப்பாடம் போய்விட்டது என்று புரிந்தது.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் இருநூத்தி நாப்பது தோல் துண்ட வீணாக்கிட்டேன்" என்றாள்.

முனிரத்தினம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அவள் சொன்னது இது. அது ரம்ஜான் மாதம். அவள் லைனில் பாதிப் பேர் நோன்பு இருப்பவர்கள். நோன்பு மாதம் நாலு மணிக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள், மற்றவர்கள் இடம் மாறி உட்கார்ந்து அவர்கள் வேலையை முடிப்பார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் இவர்கள் போவார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கேயும் எழுதி வைக்காத ஏற்பாடு. ஆம்பூர்ப் பக்கம் இதைப் பெரிய விஷயமாக யாரும் பேசுவதில்லை. அன்று பெண்கள் ஷூ ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதத்தின் வெளிப்பக்கம் நூலால் ஒரு இலை தைக்க வேண்டும். இலை தைக்கும் இரண்டு பேரும் நோன்பு திறக்கப் போய்விட, புதிதாக உட்கார்ந்த இருவருக்கும் சோபனாவே செய்து காட்டினாள். அவசரத்தில் இடது கால் மாதிரியை வலது பக்கம் வைத்துக் காட்டிவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை காலையில் ஒரு பெண் துண்டைத் தன் காலில் வைத்துப் பார்த்துச் சிரித்தபோதுதான் தெரிந்தது, இலை முழுக்க உள்பக்கம் வந்திருக்கிறது. துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான், ஓட்டை போகாது. திங்கட்கிழமை சரக்கு ஏற வேண்டும்.

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும். நாற்காலி போகிறது, பத்து நிமிட வீடு போகிறது. என் மனசு கேட்கவில்லை. 'ஒரு ஆர்டரில் சிறிய தாமதம் ஏற்பட்டது' என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சோபனா என் பக்கம் திரும்பினாள். "டிலே இல்ல மிஸ். மிஸ்டேக். என் மிஸ்டேக். அப்டியே சொல்லுங்க."

மூன்று மாதம் நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தை என் மேலேயே திருப்பிவிட்டாள். அப்படியே சொன்னேன். கிர்ஸ்டன் அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

"யாருக்கும் சொல்லல. சொன்னா மறுபடி மெஷினுக்கே அனுப்பிடுவாங்கன்னு பயம். ஞாயித்துக்கெழம லைன் மொத்தமும் வந்துச்சு. சர்ச்சுக்குப் போனவங்க ஆராதனை முடிஞ்ச கையோட வந்தாங்க. நோன்புக்காரங்க தண்ணிகூட குடிக்காம தைச்சாங்க. தோலு, கட்டிங் செக்‌ஷன்ல இருக்கற ஒருத்தர் குடுத்தார். சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா நோன்புக் கஞ்சி குடிச்சோம். திங்கட்கெழம சரக்கு போய்டுச்சு."

தோல் கொடுத்தவர் யார் என்று கிர்ஸ்டன் கேட்டார்.

"அத சொல்ல மாட்டேன். கேட்டது நான். தண்டன எனக்குத்தான்."

அப்போது மூலையிலிருந்து முனிரத்தினம் தொண்டையைக் கனைத்தார்.

"மஹபூப் பாஷாதானே? சனிக்கெழமையே எங்கிட்ட வந்து கேட்டாரும்மா. ஸ்டோர் சீட்டுல நான்தான் கையெழுத்து போட்டேன். ஞாயித்துக்கெழம வாட்ச்மேன் போன் பண்ணி, நாப்பது பொம்பளைங்க வந்து நிக்கறாங்க சார்னான். உள்ள விட்டு ஃபேன் எல்லாம் போட்டு விடுன்னேன்."

அவர் ரொம்ப நல்லவராகத் தெரிந்த நேரம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோபனாவும் கலங்குவாள், கைகூப்புவாள் என்று எதிர்பார்த்தேன். கலங்குவதாவது!

"தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா சார்?" நாற்பது மெஷினுக்கு மேல் கேட்கிற குரல் வந்துவிட்டது. "ஆறு வருஷம்! நீங்க கூப்டும்போதெல்லாம் இன்னிக்கு மாட்டிக்கினோம்னுதான் வருவேன் சார். பாஷா பாய் ரிட்டையர் ஆவற அன்னிக்கு, அவருக்கு வர வேண்டிய பணத்த நிறுத்திடுவாங்களோன்னு அழுதேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ வெக்கப்படுவன்னு..."

"பட்டுட்டுப் போறேன்! ஒரு நாள் வெக்கப்பட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். நான் உங்களுக்கு பயந்து மறச்சேன், நீங்க எனக்குப் பாவம் பார்த்து மறச்சீங்க. நடுவுல நாப்பது பேருக்கு ஞாயித்துக்கெழம போச்சு. அன்னிக்கே வந்து சொல்ற மாதிரி நீங்க இருந்திருந்தா, சனிக்கெழமையே முடிச்சிருக்கலாம் சார்."

மேனேஜரை இப்படிக் கேட்ட சூப்பர்வைசரை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. முனிரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையில் கிர்ஸ்டன் அம்மையார் என்னைப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்த முறை நான் ஒரு சொல்லைக்கூடப் பூசி மெழுகவில்லை. பாஷா பாய்க்காக அவள் அழுததைக்கூட விடாமல் சொன்னேன். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஆங்கிலம் பேசியதில்லை.

முடித்ததும் எத்தியோப்பியக் கட்டத்தில் இருந்த பெண்தான் முதலில் கை தட்டினாள். பிறகு அவள் தன் ஆங்கிலத்தில், தயவுசெய்து என்னை மறுபடி கேளுங்கள், என்னிடமும் ஒரு நிஜமான தப்பு இருக்கிறது என்றாள். வியட்நாம்காரர் தன்னிடம் இரண்டு இருக்கிறது என்றார். அரை மணியில் முடிய வேண்டிய கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது. கிர்ஸ்டன் அம்மையார் அதற்குப் பிறகு கொட்டாவியே விடவில்லை.

வெளியே வந்ததும் சோபனா, "வாய விட்டுட்டேன் மிஸ். போச்சு" என்றாள். நானும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆறுதல் சொல்லும்போதே முனிரத்தினம் வந்து, "நாளைக்கு லைனுக்கு வந்து நாப்பது பேர்கிட்டயும் நானே சொல்றேம்மா, எனக்குத் தெரியும்னு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார். சொன்னபடி மறுநாள் போனாராம். நாற்பது பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்களாம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக ஒரு லீவு வேண்டும் என்று. கொடுத்துவிட்டுத்தான் தப்பித்தார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. பேரணாம்பட்டு ரோடு யூனிட், இன்சார்ஜ், ஏ. சோபனா. அவள் போனில் கத்திய கத்தலில் வேலூர் வரைக்கும் போனே தேவைப்பட்டிருக்காது. கோபி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாராம். மஹபூப் பாஷாவுக்கு மட்டும் கோபம். வீடு தேடி வந்து, "இன்னாமா, அவ்ளோ பெரிய எடத்துல என் பேர மட்டும் ஏன் விட்டே?" என்று சண்டை போட்டுவிட்டு, ஒரு குண்டான் பிரியாணியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் எனக்கும் பங்கு வந்தது.

புதிய யூனிட் திறந்த மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். கம்பெனி கார் இல்லை, பஸ்ஸில்தான். வாசலை ஒட்டிய சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற உயரத்தில் ஓர் ஆணி. அதில் ஒரு பழைய தோல் துண்டு தொங்கியது. உள்பக்கம் தைத்த இலை. ஆறு வருடம் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாளாம். கீழே அவள் கையெழுத்தில், 'இது நான் வீணாக்கியது. சோபனா.' யாராவது தப்பாகத் தைத்தால் முதல் துண்டை எடுத்து வந்து இந்த ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டியவரை யாரும் திட்டக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

"யாராச்சும் மாட்டுவாங்களா?" என்று கேட்டேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

கேட்டு முடிப்பதற்குள் லைனிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள். கையில் ஒரு துண்டு, முகம் வெளிறியிருந்தது. ஆணி வரைக்கும் வந்தவள் மாட்டத் துணியாமல் சோபனாவைப் பார்த்தாள்.

"எத்தினி?" என்று கேட்டாள் சோபனா. கம்பெனியே கேட்கிற அந்தக் குரலில் இல்லை. மகளைப் பற்றிச் சொல்லும்போது சின்னதாகுமே, அந்தக் குரலில்.

"இது ஒண்ணுதான் மேடம். தைச்சதும் தெரிஞ்சிச்சு. எடுத்துக்கினு வந்துட்டேன்."

சோபனா அந்தத் துண்டை வாங்கித் தன் துண்டின் மேலேயே மாட்டினாள். "ஒண்ணுதான் மிஸ்!" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டு, சரியாகச் செய்து காட்ட மெஷினுக்கு அழைத்துப் போனாள்.