பக்கத்து வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்த கதை

உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் பத்தாவதும் அதற்கு மேல் ஒரு ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் தப்பு இருந்தால் உங்கள் அம்மா எப்படியும் திருத்திவிடுவாள்.

மத்திகிரி வீட்டுக்கு நாம் குடிவந்தபோது சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த அறையைக் காட்டி, "இது டைனிங்கு" என்று ஓனரம்மா பெருமையாகச் சொன்னார். மேசை போட்டுச் சாப்பிடத் தனியாக ஒரு அறை என்பது எங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்கும் இருந்ததில்லை. அறைக்கு ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே காலி மனை. காலையில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு பளபளவென்று தெரியும்.

அந்தக் காலி மனையில்தான் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி கட்டினார். நம் ஜன்னலுக்கும் அவர் சுவருக்கும் நடுவே மூன்றடி சந்து. சுவரின் இந்தப் பக்கத்துக்குப் பூச்சு இல்லை, பெயிண்டும் இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் சிமெண்ட் கல். நம் ஊரில் யாருமே பக்கவாட்டுச் சுவருக்குச் செலவு செய்வதில்லை, ரோட்டைப் பார்க்கிற முகத்துக்குத்தான் பவுடர் பூசுவார்கள். மனுசர் கெட்டவர் இல்லை. ஆனால் சுவர் ஏற ஏற அவரோடு நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம். பட்டப்பகலில் லைட் போடாமல் அந்த அறையில் உப்பையும் சர்க்கரையையும் பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகிவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அங்கே உட்காருவதையே எல்லாரும் விட்டுவிட்டோம். சின்னவள் தட்டை டி.வி. முன்னால் கொண்டுபோனாள், பெரியவள் புத்தகத்துக்குப் பக்கத்தில். உங்கள் அம்மா சமையல் மேடை ஓரம் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவாள். மேசைமேல் மடிக்காத துணி மலைபோலக் கிடந்தது.

அந்த மே மாதம் ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்ததும் அம்மா சொல்லிவிட்டாள்.

"இன்னாங்க, இந்த வீடு எனக்கு ஆவாது. ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள அந்த ரூமு வெளிச்சமா ஆவணும். இல்லன்னா எங்க லைன்ல வேலை செய்யறவ ஒருத்தி ரிங் ரோடு பக்கம் வீடு காலியா இருக்குதுன்னு சொன்னா. நாலு பக்கமும் ஜன்னலாம். போயிடலாம்."

"அங்கேர்ந்து ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணுமே?"

"அங்க ஸ்கூலே இல்லியா?"

அன்று சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அப்போது பதினொன்றாவது முடித்திருந்தாள்.

"அப்பா, பன்னெண்டாவது மட்டும் இங்கயே படிச்சிடறேன்பா. டீச்சரெல்லாம் இங்கதான் பழக்கம்."

அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் பாட்டுக்கு ஒரு துணியை எடுத்துப் பின் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த நிமிடத்திலிருந்து அந்த அறை எனக்கு வெறும் அறையாக இல்லை.

நான் வேலை பார்ப்பது இன்ஸ்பெக்‌ஷனில். பாகங்களில் கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தள்ளுகிற வேலை. அதனால் நாங்கள் வேலை செய்கிற மேசைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கணக்கு உண்டு. வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். கைக்கு அடக்கமான பெட்டி, தலையில் ஒரு வெள்ளைக் குமிழ். சூப்பர்வைசரிடம் கெஞ்சி அதை இரண்டு நாளைக்கு வாங்கிவந்தேன். கம்பெனித் தரையில் வண்டி போகிற வழிக்கு ஒட்டுகிற மஞ்சள் டேப்பில் குப்பைக்குப் போகிற துண்டுகளையும் கேட்டு எடுத்துவந்தேன்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நாம் மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேசையில் கிடந்த துணிமலையை இறக்கினோம். சுவரில் பழைய பச்சையைச் சுரண்டி, சுத்த வெள்ளை டிஸ்டெம்பர் இரண்டு கோட் அடித்தோம். ஒரு லைட் இருந்த இடத்தில் மூன்று எல்.ஈ.டி. பட்டி. மேசையில் ஒட்டியிருந்த காப்பிக்கலர் பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்துப்போட்டோம். எல்லாவற்றுக்கும் மேலே, மேசைக் கால் நாலையும் சுற்றி மஞ்சள் டேப்பில் கோடு. நாற்காலிக்குத் தனிக் கோடு, தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கட்டம். பொருள் அதனதன் இடத்தில் இருந்தால் அறை தானாகப் பெரிதாகத் தெரியும் என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை நான் அப்படியே நம்பினேன்.

சின்னவளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு காலைக் கோட்டுக்கு வெளியே நீட்டி நீட்டி, "அப்பா, நான் தாண்டிட்டேன்! மெமோ குடுப்பியா?" என்று கேட்டாள்.

மீட்டரை மேசைமேல் வைத்தேன். வேலைக்கு முன்னால் லைட் போடாமல் முப்பது காட்டியது, இப்போது அறுநூறைத் தாண்டியது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேசையே தோற்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அன்று ஞாயிறானாலும் அம்மாவுக்கு ஓ.டி., கூடுதல் வேலை. மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை, அந்த அறை வாசலில் அப்படியே நின்றாள். மேலே மூன்று பட்டியையும் பார்த்தாள், கீழே மஞ்சள் கோட்டைப் பார்த்தாள்.

"அறுநூறு!" என்று மீட்டரைத் தூக்கிக் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க," என்றாள். "டூட்டிக்கு வந்தா பஞ்ச் எங்க வெக்கணும்?"

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு நாள் தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வேலை செய்திருக்கிறேன். படிக்கட்டுக்குப் போய், "உனக்கு இன்னாதான் வேணும்?" என்று கேட்டேன். ஒரு வாரம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறறேன். எங்க லைன்ல ஒரு ஜன்னலு கெடையாது. வெளிய மழையா வெயிலான்னு கேண்டீனுக்குப் போறப்போ யாராவது சொன்னாதான் தெரியும். தலைக்கு மேல நாள் பூரா இதே வெள்ளை லைட்டு. சோறு துன்னும்போதாவது பகல்னு ஒண்ணு இருக்குதுன்னு எனக்குத் தெரியணும்ங்க. அவ்ளோதான்."

நான் அளந்தது ஒன்று, அவள் கேட்டது வேறொன்று. ஆனால் பகலுக்கு நான் எங்கே போவது? பகலை மறைத்துக்கொண்டு மூன்று மாடி நிற்கிறது. பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. அன்று பெரியவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். மதியம் மீட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலை பத்தரை மணிக்கு அதைப் பையில் வைக்கப்போனேன். அறையில் லைட் எதுவும் எரியவில்லை.

"அப்பா, புது லைட்டு போட்டியா?" என்றாள் சின்னவள்.

அறை வெளுப்பாக இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஓனரம்மா நம் மொட்டைமாடியிலிருந்து பக்கத்து வீட்டு மாடிக் கம்பிக்குக் கயிறு கட்டி, இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்பை அந்தச் சாம்பல் சுவரை மூடுகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார். மேலே அடிக்கிற வெயில் விரிப்பில் பட்டு சந்துக்குள் இறங்கி, நம் ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்தது. மீட்டரை மேசைமேல் வைத்தேன். எழுபது. "பாட்டிம்மா, துணிய கொஞ்சம் எடுங்க!" என்று சின்னவள் கத்தினாள். அவர் திட்டிக்கொண்டே எடுத்தார். முப்பது.

சுவருக்கு வெள்ளை அடித்தால் போதும். ஆனால் சுவர் நம்முடையது இல்லையே.

ஓனரம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "வத்துப்பா, வத்து!" என்று இரண்டு கையையும் ஆட்டினார். "வேணவே வேணா. நீ அடிச்சா, நாளைக்கு என் சுவத்துல கைவெச்சான்னு பஞ்சாயத்து வெப்பான்."

பக்கத்து வீட்டுக்காரர் கன்னடக்காரர். கேட்டில் நின்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவரும் அதே பயத்தை மறுபக்கத்திலிருந்து சொன்னார். "நம்ம கோடெக்கு நீங்க யாக்கே சுண்ணாம்பு அடிக்கோணும்? இன்னிக்கு சுண்ணாம்பு, நாளைக்கு கோடெயே உங்களுதுன்னு சொல்லிட்டா?"

கோடெ என்றால் அவர்களுக்குச் சுவர், யாக்கே என்றால் ஏன். இலவசமாகப் பக்கத்துக்காரன் சுவரை அழகுபடுத்துகிற ஆளை அவர் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார், நானும் பார்த்ததில்லை. "சார், ஒரு நிமிசம் எங்க வீட்டுக்குள்ள வாங்க," என்றேன்.

வந்தார். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் நாற்காலியில் முட்டிக்கொண்டார். "அய்யோ! இஷ்டு கத்தலா?" என்றார். இவ்வளவு இருட்டா என்று அர்த்தம். நான் லைட் போடவில்லை. அவர் தடவித் தடவி ஜன்னலுக்குப் போய்த் தன் சுவரைப் பார்த்தார். வீடு கட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை.

"நான் நோடே இல்ல சார், பாத்ததே இல்ல," என்று மெதுவாகச் சொன்னார்.

சுவர் அவருடையதுதான், எனக்கோ ஓனரம்மாவுக்கோ உரிமை இல்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் ஓனரம்மாவையும் நிறுத்தினார். அவர் மட்டும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்டியே முன்பக்கமும் அடிச்சுக் குடுத்துடுங்க சார்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் எங்களோடு அடித்த முதல் ஜோக் அது.

சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை கலந்து, மேல்பாதியை நம் மொட்டைமாடியிலிருந்து மூங்கிலில் ரோலர் கட்டி அடித்தேன். கீழ்ப்பாதிக்கு அவருடைய ஏணி. மூன்றடி சந்தில் ஏணியைச் சாய்க்க இடமில்லாமல் அவரே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலையெல்லாம் சுண்ணாம்பு. மூன்று நாள் காலை நேரத்தில் வேலை முடிந்தது. அம்மா ஷிஃப்ட் முடிந்து வரும்போது சந்தில் வெயில் போயிருக்கும். அந்த அறைப் பக்கம் அவள் போவதும் இல்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, என் கைக் கொப்புளம் தவிர.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓ.டி. இல்லை. பள்ளி திறக்க இரண்டு நாள். பத்தரைக்கு ராகிக் களியும் கீரைக் குழம்பும் தயார். நான் முன்னாலேயே போய் எல்லா லைட்டையும் அணைத்துவைத்தேன். அவள் குழம்புச் சட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, கரண்ட் போவல. அப்பாதான் ஆஃப் பண்ணாரு," என்றாள் சின்னவள்.

அம்மா சட்டியை இறக்கிவைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே சுவர் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு காக்கா அதன் முன்னால் பறந்து போக, மேசைமேல் நிழல் ஒன்று ஓடியது. அவள் அதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். பிறகு மேசையின் ஓரத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள். மேசைக் கால் என் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனது.

"கோட்டுக்குள்ளதான் இருக்கணுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"வாண்டா வாண்டா."

அவள் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து பார்க்கிறேன். எல்லாரும் உட்கார்ந்தோம். களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டபின், பெரியவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா, ரிங் ரோட்டு வீட்ட எப்பம்மா பாக்கப் போறோம்?"

நான் களி பிட்ட கையோடு அம்மாவைப் பார்த்தேன்.

"எதுக்குடி பாக்கறது? அந்த வீட்ட நேத்தே வேற யாரோ புடிச்சிட்டாங்களாம்," என்றாள் அம்மா. இன்னொரு வாய் போட்டுக்கொண்டு, "காலியா இருந்தாலும் போறதில்ல. நீ நாளைக்கு யூனிஃபார்ம எடுத்து இஸ்திரி போடு. குழம்ப இப்படித் தள்ளு," என்றாள்.

பெரியவள் குழம்பைத் தள்ளினாள். பிறகு தானாகக் கேட்டு இன்னொரு உருண்டை களி வாங்கிக்கொண்டாள். காலையில் களியைக் கண்டால் ஓடுகிறவள். எனக்கு முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. எத்தனை உருண்டை சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

சாப்பாடு முடிந்ததும் முட்டி போட்டு மஞ்சள் டேப்பைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தேன். கம்பெனி டேப், லேசில் வராது. அம்மா கையைக் கழுவாமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, "இங்க கொஞ்சம் உட்டுட்டீங்க பாருங்க, அந்தக் காலுக்குப் பின்னாடி," என்று இன்ஸ்பெக்‌ஷன் செய்துகொண்டிருந்தாள். வெயில் சுவரை விட்டு ஏறிப்போகிற வரைக்கும் அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.