ஷஃபான் என்று எழுதிய பக்கம்

கொப்பியில் பொய்த் தேதி எழுதியவன் நான். அந்தப் பொய்யால் ஒருவனுடைய ஓட்டம் போனது.

இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் சொல்ல முடிகிறது.

சாய்ந்தமருதில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் அறையைப் பார்த்துக்கொள்பவன் நான். அணியில் எல்லோருக்கும் நான் ‘காக்கா’, மூத்த அண்ணன். பந்துக்குக் காற்றடிப்பேன், உடுப்புகளைக் கழுவிக் காயப்போடுவேன், ஓட்டத்துக்கு நேரம் பிடிப்பேன். படித்தது சாதாரண தரப் பரீட்சை வரை. நாலு பேர் கூடினால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய வீரர் ஒருவர் கழகத்துக்கு ஒரு மெஷின் அனுப்பினார். எடை பார்க்கும் தட்டுப் போல இருக்கும், ஆனால் பெரியது. முழங்காலைச் சற்று மடித்து அதன்மேல் நின்றால் உள்ளங்காலிலிருந்து பல் வரை நடுங்கும். வேகமாக ஓடிக் களைத்த காலுக்கு அந்த நடுக்கம் நல்லது, களைப்பை எடுக்கும் என்று அவர் சொல்லியிருந்தார்.

“காக்கா, இது கொங்கிரீட் போடக்க நடுங்கிற மெஷின் இல்லயா? எங்கள என்ன, தூணுக்குள்ள இறுக்கப் போறீங்களா?” என்றான் அன்சார். எல்லோரும் சிரித்தார்கள். அன்சார்தான் எங்கள் அணியில் வேகமானவன்.

பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர். எல்லோருக்கும் ‘சேர்’தான்.

“சும்மா நம்பேலா. பார்த்துத்தான் நம்பணும்” என்றார் சேர்.

பார்க்கும் முறையையும் அவரே சொன்னார். முப்பது மீற்றர் தூரத்தை ஆறு தரம் ஓட வேண்டும். இடையில் சிறிய ஓய்வு. ஆறாவது ஓட்டம் முதலாவதை விட எவ்வளவு பிந்துகிறதோ, அதுதான் களைப்பு. ஒரு நாள் வெறுமனே ஓய்வெடுத்து ஓடுவது. இன்னொரு நாள் அந்த ஓய்வில் மெஷினில் நின்று ஓடுவது. இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

நோன்பு விடுமுறையில் அவர் உம்றாவுக்கு மக்கா போக இருந்தார். “காக்கா, மெஷின் இல்லாத ஓட்டத்த நோன்புக்கு முதல் எடுத்து வைங்க. மறுகா பெருநாளைக்குப் பிறகு நான் வந்து மெஷினோட எடுப்பம்” என்றார்.

எவ்வளவு இலகுவான வேலை! “வாங்க, ஓடுங்க” என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் மைதானத்துக்குப் போவேன், வாயைத் திறக்கப் பார்ப்பேன், திரும்பி வருவேன். அப்படியே நோன்புக்குப் பிறை கண்டுவிட்டார்கள்.

நோன்பின் கடைசிக் கிழமையில், ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுத பிறகு, ஒருவாறு சொன்னேன். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. வெயில் தணியவில்லை. அவர்கள் உதடு வெடித்த நிலையில் ஓடினார்கள். ஆறாவது ஓட்டத்தில் அன்சாரின் கால்கள் சேற்றுக்குள் புதைந்தவை போல வந்தன.

“காக்கா, நோன்பாளியக் கொல்லப் போறீங்களா? ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லாம ஆறு தரமா!” என்று குனிந்தபடி கத்தினான்.

நானும் சிரித்தேன். பின்பு அறைக்கு வந்து அந்த நேரங்களையெல்லாம் கொப்பியில் எழுதி, மேலே தேதி போட்டேன். ஷஃபான் மாதத்துத் தேதி. நோன்புக்கு முந்திய மாதம்! சொன்ன வேலையைச் சொன்ன நாளில் செய்யவில்லை என்று சேர் அறியக் கூடாது... அவ்வளவுதான் என் எண்ணம். வேறு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. இல்லையென்றால் குற்றம் குறைந்துவிடுமா?

பெருநாள் முடிந்து சேர் வந்தார். வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள் மெஷினில் நின்று நின்று ஓடினார்கள். ஆறாவது ஓட்டம் பிந்தவே இல்லை! சேர் இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போது ஓடியது என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? தேதிதான் இருந்ததே!

“பார்த்தீங்களாடா, மெஷின் வேலை செய்யிது! காக்காட கொப்பியப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கு!” என்று என் தோளில் கைவைத்தார்.

அத்தனை பேர் முன்னால் என்னை ஒருவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. அந்த இடத்தில் நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா? நான் சொல்லவில்லை.

பிறகு மருதமுனை அணியுடன் இறுதிப் போட்டி, எங்கள் மைதானத்தில். அடுத்த கிழமை அன்சார் கொழும்புக்குப் போக வேண்டும். பெரிய கழகம் ஒன்று அவனைத் தெரிவுக்கு அழைத்திருந்தது.

இடைவேளையில் அவன் அறைக்குள் வந்து தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“சேர், பின்தொடை இழுக்கிற மாதிரி இரிக்கி. இனி ஓட ஏலாது போல.”

சேர் பதிலாள் ஒருவனைத் தயாராகச் சொன்னார். சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“காக்கா, கணக்கு எழுதினது நீங்க. களைப்புத்தான் என்டா இதுல நிண்டு போகட்டும். தாங்குவானா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்சாரும் பார்த்தான். “அந்தப் பக்கம் பொய், சேர்” என்று சொல்ல எத்தனை செக்கன் தேவை? அதைச் சொல்லாதது போதாதென்று, ஒரு நாளும் பேசாத நான் அன்று பேசினேன்.

“ஓம்” என்றேன்.

அவன் மெஷினில் நின்றான். நானே சுவிட்சைப் போட்டேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எட்டிப்போன ஒரு பந்தைத் துரத்தியவன் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு முகம் குப்புற விழுந்தான். தசைநார் எலும்பிலிருந்து கழன்றுவிட்டது என்றார் டொக்டர். கொழும்புப் பயணம் போயிற்று. இப்போது அவன் நடக்கிறான்... ஓடுவதில்லை.

அந்த மெஷின் களைப்பை எடுக்குமா எடுக்காதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதை அறிய இருந்த ஒரே வழியைக் கெடுத்தவன் நான். சேர் பயிற்சி கொடுப்பதை விட்டுவிட்டார். “நான்தான் அவன வெளியில எடுத்திருக்கணும்” என்று பள்ளிவாசலில் காண்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து அன்சார் அறைக்கு வருவான், மெஷினில் நிற்பான். போன கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொன்னான்:

“இது இல்லாட்டி நான் அண்டைக்கு இடைவேளையோடயே முடிஞ்சிருப்பன். காக்கா எல்லாத்தயும் கணக்கோட எழுதி வெச்சிரிக்காரு.”

பிறகு என் பக்கம் திரும்பினான்.

“காக்கா, நடுக்கத்த இன்னும் கொஞ்சம் கூட்டுங்க.”

கூட்டினேன்.