கழுத்தின் வலப்பக்கம்

விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்த முதல் வருடம், எங்கள் முகத்தை நாங்களே கம்ப்யூட்டரில் வரைய வேண்டும் என்று மேடம் சொன்னார். நேராகப் பார்த்தபடி ஒரு போட்டோ எடுத்து, திரையில் அதன் மேல் கோடு இழுத்து, நிழல் போட்டு முடிக்க வேண்டும். அதற்கு முன் நான் பேப்பரில்தான் வரைந்திருக்கிறேன்.

பாதி முகத்தை வரைந்து, அதையே மறுபக்கம் திருப்பி ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்றாள் பக்கத்து சீட்டுத் தோழி. இடது பாதியை வரைந்து திருப்பினேன். கண், கன்னம், தாடை எல்லாம் போட்டோவோடு ஏறக்குறையப் பொருந்தின. கழுத்து பொருந்தவில்லை. இடப்பக்கம் நேராக இறங்கிய நிழல், வலப்பக்கம் போட்டோவில் ஒரு மேட்டைச் சுற்றி வளைந்து போயிருந்தது.

தலையைச் சாய்த்திருப்பேன் என்று நினைத்து, மறுநாள் சுவரோடு ஒட்டி நின்று வேறு போட்டோ எடுத்தேன். அதிலும் அப்படியே. காலேஜ் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று எச்சில் விழுங்கினேன். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. வலி மட்டும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது மெட்ரோவில் உட்கார்ந்து போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. நான் இறங்க வேண்டிய காலடிப்பேட்டை போனதுகூடத் தெரியாமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா தொண்டையில் கட்டி வந்து இறந்துபோயிருந்தாள். மணலி ஆலைகளிலிருந்து வரும் காற்றுதான் காரணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளும் ஆரம்பத்தில் வலியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கழுத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரிந்தேன்.

"இன்னாடி, இந்த வேக்காட்டுல கழுத்த மூடிகினு கீற?" என்று அம்மாவே ஒருநாள் கேட்டாள். நான் அழுதுவிட்டேன். துப்பட்டாவை விலக்கி விரலால் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"எத்தினி நாளா கீது இது?"

"தெர்லம்மா. படம் வரையச்சொல்லதான் பாத்தேன்."

"சரி வுடு, ஒண்ணியும் இருக்காது. உங்கப்பாவாண்ட இப்ப சொல்லாத. கடல்ல கீற மனுசன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

ராயபுரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு கழுத்தில் ஊசி குத்திச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை தினமும் காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து புருவத்தையும் முடியையும் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தேன். திருப்பி ஒட்டிய கழுத்தை அழித்துவிட்டிருந்தேன், மறுபடி வரையக் கை வரவில்லை. "கழுத்து எங்கம்மா? தலை மட்டும் தொங்குது" என்றார் மேடம். வெளியே ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "கேன்சர் இல்லம்மா. தைராய்டுல சாதாரணக் கட்டி. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். ஆறு மாசத்துக்கு ஒருதடவ வந்து காட்டுங்க" என்றார்.

"இப்போதிக்குன்னா இன்னாங்க டாக்டரு?" என்று கேட்டாள் அம்மா.

"பெருசாகுதான்னு பாத்துக்கணும். அவ்வளவுதான்."

அன்று மத்தியானமே லேபுக்குப் போய்க் கழுத்தை வரைந்தேன். இந்த முறை திருப்பி ஒட்டாமல், வலப்பக்கத்தைத் தனியாகப் போட்டோவில் இருந்தபடியே வரைந்தேன். வகுப்பில் பெரிய திரையில் என் படம் வந்தபோது, "இங்க நிழல் தப்பாயிருக்கே?" என்றான் ஒருவன். "இல்ல, என் கழுத்து அப்படித்தான்" என்றேன்.

கரைக்கு வந்த அப்பாவிடம் அம்மாதான் சொன்னாள். அடுத்த முறை கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

இதுவரை இரண்டு முறை செக்கப்புக்குப் போய்வந்துவிட்டோம். கட்டி வளரவில்லை. ஆனாலும் தேதி நெருங்கினால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். ஸ்கேன் அறையில் அந்த ஜெல் சில்லென்று படும்போது, டாக்டர் வாயைத் திறக்கும்வரை, அம்மா என் கால் விரலைப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.