மீன் குழம்புக்கு ஒரு ஒப்பாரி

புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் சோணைமுத்து தும்மினால் காரைக்குடியில் கோழிகள் கூரையேறும். அப்பேர்ப்பட்ட குரல். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் தூக்குச்சட்டியைத் திறந்தார். மீன் குழம்பு ஊசிப்போயிருந்தது. சட்டியை நடுவில் வைத்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "ஐயோ என் கொழம்பே, என்னய விட்டுப் போனியே" என்று மாரடித்து ஒப்பாரி வைத்தார். ஆட்கள் சிரித்த சிரிப்பில் ஆலையின் தகரக் கூரை ஒரு முழம் எழும்பி இறங்கியது.

லாரி ஓட்டும் உதயகுமார் அதைச் செல்போனில் பிடித்துப் போட்டான். சென்னையில் யாரோ மேளம் சேர்த்தார்கள். அடுத்த மாதமே பாட்டுப் பட்டியலில் முதலிடம். பெரிய கதாநாயகர்களின் பாட்டெல்லாம் அதற்குக் கீழே கைகட்டி நின்றன. பிறகு ஒரு பல்லிப் பாட்டு வந்து அதைக் கீழே தள்ளியது. உலகம் மறந்துவிட்டது. புதுவயல் மட்டும் மறக்கவில்லை. காதுகுத்து, கல்யாணம், செக்காலை ரோட்டு ஆட்டோ, எங்கே போனாலும் குழம்பு செத்துக்கொண்டே இருந்தது.

அந்தக் குழம்பை வைத்த அவர் மனைவி அக்கம்மாள் கோபப்படவே இல்லை.

"கொழம்புக்கே இம்புட்டு அழுகிறீக. நான் போனா எம்புட்டு அழுவீக?"

"கம்மாக் கரையே ஒடைஞ்சிரும்டி, பாரு."

இந்தத் தை மாதம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

சோணைமுத்து தலைமாட்டில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே மெட்டு, அவருடைய ஆத்தா எல்லாச் சாவுக்கும் அழுத மெட்டு. "ஐயோ என் அக்கம்மா, என்னய விட்டுப் போனியே" என்று எடுத்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். தோள்கள் குலுங்கின, அழுகையால் அல்ல. செல்போன்கள் உயர்ந்தன.

அக்கம்மாளின் தம்பி அருள்பாண்டி குனிந்து காதில் சொன்னான். "மச்சான், கோவிச்சுக்கிறாதீக. வாயத் தொறக்காதீக. சனம் சிரிக்குது."

"எனக்கு வேற மெட்டு தெரியாதே மாப்ள."

"அப்பச் சும்மா இருங்க."

சும்மா இருந்தார். துண்டின் முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, கொள்ளிச்சட்டியோடு பாடைக்கு முன்னால் நடந்தார். கொட்டுக்காரர்களுக்கு யார் சாவானாலும் சுடுகாட்டுத் திருப்பத்தில் ஒரு குத்துப்பாட்டு அடித்துப் பழக்கம். கையும் குச்சியும் தானாகவே குழம்புப் பாட்டுக்குப் போயின. இளவட்டங்கள் ஆடினார்கள். சோணைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவரிடம் உதயகுமார் ஓடிவந்தான்.

"அண்ணே, நேத்து நீங்க அழுததை எவனோ போட்டுட்டான். நம்ம பாட்டு திரும்ப ஏறிருச்சுண்ணே! ஏழாவது எடம்!"

செல்போனில் அவர் வாய் திறந்து திறந்து மூடியது. கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். ஓரத்தில் அக்கம்மாளின் கால் கட்டைவிரல்கள் மட்டும், வெள்ளைத்துணியால் சேர்த்துக் கட்டியவை, தெரிந்தன.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பப்பா எறங்கும்?" என்றார்.