லண்டன் பிள்ளையின் தூக்கம்

விடுதிச் சமையல்கட்டில் யாரோ சின்ன வெங்காயம் நசுக்குகிறார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இதே வாசம் என் விரல்களில் இருந்த நாட்களில் எனக்கு ஒன்பது வயது. லண்டனில் தோல் வியாபாரம் செய்த சின்னத்தா, என் அப்பாவின் தம்பி, ஏழு வயது மகன் சலீமோடு விமானமேறித் திண்டுக்கல் வீட்டுக்கு வந்திருந்தார். சலீம் இரவெல்லாம் விழித்திருப்பான். பொழுது விடிந்ததும் சுருண்டுவிடுவான். விடிந்தபின் தூங்கினால் வீட்டில் பரக்கத் என்னும் வளம் தங்காது என்பது அம்மாவின் சட்டம்.

"அவனுக்கு இப்பத்தான் ராத்திரி, மதினி," என்றார் சின்னத்தா.

அவர் கடைத்தெருவுக்குப் போனதும் அம்மா சிரித்தாள். "வெயில் சுள்ளுன்னு அடிக்குது, இவனுக்கு ராத்திரியாம்ல! வெங்காயத்த நசுக்கி அவன் கண்ணுல விடுடி."

பூமி சுற்றுவதைப் பள்ளியில் உருண்டை வைத்துக் காட்டியிருந்தார்கள். சின்னத்தா சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிழிந்தேன். அவன் அலறி எழுந்தான், வீடே சிரித்தது. சிரிக்க வைத்தவள் நான்!

"அக்கா, இப்ப ராத்திரியா, பகலா?"

"ராத்திரிதான்டா. தூங்கு."

நம்பிப் படுத்தான். மறுபடியும் பிழிந்தேன்.

நான்காம் நாள், என் காலடி கேட்டதும் தூக்கத்திலேயே இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள என் தம்பியைக் கூப்பிட்டேன்.