நான் இறங்காத குட்டை

யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் எழுந்து தே தாரேக் டீ வாங்கப் போய்விடுகிற ஆள் நான். தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே சுடுகாடு, ஒரு நாளும் ஒன்றையும் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டேன். ஈப்போவில் குனோங் ராபாட் பக்கம் டயர் கடையில் வேலை. பஞ்சர் ஒட்டுவேன், காற்று அடிப்பேன். எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன். இதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கடை வேலை போக, தண்ணீரில் காணாமல் போனவர்களைத் தேடும் தொண்டர் குழு ஒன்றில் டைவராக இருந்தேன். டைவர் என்று சொல்கிறேனே தவிர நான் உட்கார்ந்தது ஸ்டாண்ட்பை. ஒருவர் கீழே தேடும்போது இன்னொருவர் கரையில் முழு உடையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ரப்பர் உடை, முதுகில் சிலிண்டர், காலில் துடுப்பு, நெற்றியில் கண்ணாடி. வெயிலில் வெந்தாலும் ஜிப்பை இறக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. கீழே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் அந்த நிமிடமே இறங்க வேண்டும். அதனால் குழுவிலேயே நல்ல ஆளைத்தான் அங்கே போடுவார்கள்.

ஆறு வருடம் அந்த இடத்தை நானே கேட்டு வாங்கினேன். மற்றவர்களுக்கு வாய்ப்பை விட்டுக் கொடுக்கிறார் அண்ணன் என்று பேசிக்கொண்டார்கள். அது இல்லை. ஒரு முறை ஆற்றடிச் சேற்றில் இடுப்பு வரை மாட்டிக்கொண்டு வந்தேன், அதிலிருந்து தண்ணீருக்குள் தலையை விடவே எனக்குப் பயம். ஸ்டாண்ட்பை என்றால் இறங்க வேண்டி வராது. அதுவரை வந்ததும் இல்லை. இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

அன்று போனது ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது எல்லாம் செம்பனை. நடுவில் ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டை ஒன்று, லம்பம் என்போம். கலங்கல் தண்ணீர், உள்ளே போனால் கையே தெரியாது. மீன் பிடிக்க வந்த ஒருவரைச் சம்பான் படகு கவிழ்ந்து காணவில்லை. மதியம் மூன்று மணிக்குக் குமார் இறங்கினான். குமார் லோரி ஓட்டுபவன், குழுவில் என் கூட்டாளி.

"அண்ணே, வெயில்ல வெந்து தோசையாயிராதீங்க லா. நான் போயிட்டு வாரேன்."

"போடா. வாயை மூடிட்டு இறங்கு."

அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தவர் பாக் மாட், மலாய்க்காரர். கயிற்றில் ஓர் இழுப்பு வந்தால் சுகம். நான்கு வந்தால் ஆபத்து. பத்து நிமிடத்துக்கு ஒரு சுகம் வந்தது. பிறகு மழை பிடித்தது, ஈப்போ மழை தெரியும்தானே, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அந்த மழையில்தான் பாக் மாட் கத்தினார்.

"அம்பாட்! நாலு! அபாங், துருன்! செப்பாட்!"

அண்ணே, இறங்கு, சீக்கிரம் என்கிறார். நான் கண்ணாடியைக் கீழே இழுத்தேன். அவ்வளவுதான். கால் எழவில்லை. மரத்துப் போகவில்லை, யாரும் பிடித்து வைக்கவில்லை. நான் எழவில்லை, அதுதான் நிஜம். காற்றுக் குழாயை வாயில்கூட வைக்கவில்லை. கரையில் கிடந்த மீன் பெட்டி மேல் உட்கார்ந்தபடி இருந்தேன்.

அப்போது ஆள் குதிக்கிற சத்தம் கேட்டது. என் பக்கத்திலிருந்துதான். தண்ணீர் என் முழங்காலில் தெறித்தது.

எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றார்கள். "பாகுஸ், அபாங்!" என்று பாக் மாட் திரும்பாமலே பாராட்டினார். நான்தான் குதித்தேன் என்று நினைத்துவிட்டார். நான் எண்ணிப் பார்த்தேன், கரையில் எல்லோரும் இருந்தார்கள். நானும் இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குமாரின் தலை மேலே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கால் எழுந்தது. இனி பயமில்லை என்று தெரிந்த பிறகு ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவனைப் பிடித்தேன். மற்றவர்கள் வந்து பார்த்தபோது இரண்டு பேரும் நனைந்து நின்றோம்.

வலை காலைச் சுற்றிக்கொண்டதாம். இருட்டில் வெட்டவே முடியவில்லையாம், கத்தியும் நழுவிவிட்டதாம். தோளில் இரண்டு தட்டு விழுந்ததாம். ஸ்டாண்ட்பை வந்துவிட்டேன் என்பதற்கு எங்கள் குழுவில் அதுதான் அடையாளம். பிறகு வலை அறுந்ததாம். குமார் இருமிக்கொண்டே சொல்லச் சொல்ல எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பாக் மாட் புத்தகத்தை எடுத்தார். யார் இறங்கினாலும் மிச்சக் காற்று எவ்வளவு என்று எழுத வேண்டும். இறங்கும்போது இருநூறு இருக்கும். ஐம்பதுக்கு வந்தால் கீழே எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும்.

"காற்று எவ்வளவு, அபாங்?"

மீட்டரைப் பார்த்தேன். முள் இருநூறில் அப்படியே நின்றது. கையால் மறைத்துக்கொண்டேன்.

"நூற்று நாற்பது," என்றேன்.

எழுதிக்கொண்டார். காணாமல் போனவரை மறுநாள் வேறு குழு எடுத்தது. நான் போகவில்லை. வீட்டில் சிலிண்டரைக் காரிலிருந்து இறக்கி மீட்டரை மாட்டினேன். நூற்று நாற்பது. வால்வை முதல் நாளே இறுக மூடியிருந்தேன். கசிவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. சோப்புத் தண்ணீர் தடவினேன், தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நான் வாயால் சொன்ன பொய் அந்த முள்ளில் வந்து நின்றது.

அந்தச் சிலிண்டரில் நான் காற்று நிரப்பவில்லை. குழுவுக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிட்டு, முதுகு வலி என்று விலகினேன். அது சமையலறைக்குப் பின்னால் கோணி போர்த்தி நிற்கிறது.

குமார் தீபாவளிக்குத் தீபாவளி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவான். முறுக்கு டப்பா கொண்டு வருவான். என் காலைத் தொடுவான். "இந்த மாமா இல்லேன்னா அப்பா இல்லம்மா" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடம் அப்படி ஓடியது. போன தீபாவளிக்குப் பொறுக்க முடியவில்லை. அவனை மட்டும் வாசலுக்குக் கூட்டிப் போனேன்.

"குமாரு, அன்னைக்கு நான் இறங்கல."

"தெரியும்ணே."

அவன் முகம் மாறவே இல்லை.

"மேல வந்தப்ப கண்ணாடியத் தூக்கிப் பாத்தேன். நீங்க பெட்டி மேல உக்காந்திருந்தீங்க. என் மணிக்கட்டைப் பிடிச்ச கை அப்பவும் தண்ணிக்குள்ள பிடிச்சிட்டுத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா காலைத் தொடுற?"

"நம்ம தட்டு தட்டுச்சுண்ணே, ரெண்டு தட்டு. உங்க பேருல வந்துச்சு. நான் வேற எந்த வீட்டுக்குப் போயி நன்றி சொல்றது?"

"அப்புறம் அது எங்கடா போச்சு?"

"கைய விட்டுட்டுத் திரும்பக் கீழ போயிருச்சு," என்றான். "மேல வரல. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். உள்ளே போய்த் தே குடித்துவிட்டு, வழக்கம்போலக் காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

அன்று கோணியை எடுத்தேன். மீட்டரை மாட்டினேன். தொண்ணூறு. மறுபடி சோப்பு, மறுபடி தொட்டி. குமிழி இல்லை. பொங்கலுக்குப் பார்த்தேன், எழுபது. யாரோ நிதானமாக மூச்சு விடுகிற கணக்கில் குறைகிறது. எனக்குப் பதிலாக இறங்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஸ்டாண்ட்பை யாரென்று மட்டும் எனக்குத் தெரியும்.

இன்று காலை அறுபது. ஐம்பதுக்கு இன்னும் பத்துதான்.

ரப்பர் உடையைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். ஜிப் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. பயமும் அப்படியேதான் இருக்கிறது.